எல்லைக் கணக்கில் இரு பக்கமும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் படிவம் ஆறு தேர்வான எஸ்.டி.பி.எம்.-இன் இரண்டாம் தவணைக் கணிதத்தில் எல்லையும் (ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது என்பது) தொடர்ச்சியும் (அந்த எல்லையும் அந்தப் புள்ளியில் உள்ள மதிப்பும் ஒன்றாக இருப்பது) வருகின்றன. பகுதிக்குப் பகுதி சூத்திரம் மாறும் துண்டுவாரிச் சார்பைக் கண்டதும் மாணவர்கள் தடுமாறப் பெரும்பாலும் ஒரே காரணம், “எண்ணைப் போட்டுப் பார்” என்று டியூஷனில் பழக்கிவிட்ட குறுக்குவழி. சாதாரணப் பல்லுறுப்புக்கோவைக்கு அது பலிக்கும். இங்கே காலை வாரிவிடும்.

ஒரு சார்பு: எக்ஸ் 2-க்குக் குறைவென்றால் எக்ஸ் வர்க்கம் + 1, சரியாக 2 என்றால் 7, 2-க்கு மேல் 3எக்ஸ் − 1. எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எல்லை என்ன? சமன் குறி உள்ள வரியைப் பார்த்து 7 என்று எழுதிவிடுகிறார்கள். விடை 5. இடப்பக்கம் 1.9, 1.99 என்று வந்தால் 4.61, 4.9601 கிடைக்கும். வலப்பக்கம் 2.1, 2.01 என்று வந்தால் 5.3, 5.03. இரண்டும் 5-ஐ நோக்கித்தான் போகின்றன. 2-இல் மதிப்பு 7 ஆனாலும் 700 ஆனாலும் எல்லைக்கு அது பொருட்டல்ல. தொடர்ச்சி உண்டா என்று கேட்டால்தான் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே எல்லை காணும்போது அந்த வரியைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இடப்புற எல்லைக்கு ஒரு வரி, வலப்புற எல்லைக்கு ஒரு வரி எழுதிய பிறகே முடிவு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதே சார்புக்கு 0-இல் எல்லை கேட்டால், இரண்டு சூத்திரத்திலும் 0-ஐப் போட்டு 1, −1 என்று பெற்று, “எல்லை இல்லை” என்கிறார்கள். 0-க்கு இருபுறமும் முதல் சூத்திரம்தான் ஆள்கிறது, விடை 1. இரு பக்கச் சோதனை சூத்திரம் மாறும் இடத்துக்கு மட்டுமே.

மட்டுக் குறி (எதிர்க் குறியை நீக்கி அளவை மட்டும் தருவது) வந்தால் அது ஒளிந்திருக்கும் துண்டுவாரிச் சார்பு. (எக்ஸ் − 3)-இன் மட்டை (எக்ஸ் − 3)-ஆல் வகுத்து, சுருக்கி 1 என்று எழுதக் கூடாது. 3-க்கு இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. எல்லை இல்லை.

வகுப்பில் காட்ட நம் வருமான வரியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல், வரிக்குரிய வருமானத்தில் 35,000 முதல் 50,000 வெள்ளி வரையிலான பகுதிக்கு 6 விழுக்காடு, அதற்கு மேல் 70,000 வரை 11 விழுக்காடு. 50,000-ஐ எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் வரி 1,500 வெள்ளிதான். அடுத்த படிக்குப் போனால் கைக்கு வருவது குறையும் என்று சம்பள உயர்வுக்கு அஞ்சுவோர் இந்த இரண்டு எல்லைகளையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் 35,000-இல் நிலைமை வேறு. அதுவரை வருமானம் உள்ள தனிநபருக்கு 400 வெள்ளி ரிபேட் (வரித் தள்ளுபடி) உண்டு: 600 வெள்ளி வரியில் அது போக 200. ஒரு வெள்ளி கூடி 35,001 ஆனால் ரிபேட் போய்விடும். வரி 600 வெள்ளி 6 காசு. இடப்புற எல்லை 200, வலப்புற எல்லை 600. அங்கே வரைபடம் துள்ளுகிறது.

50,000-இல் துள்ளல் இல்லை, ஆனால் சாய்வு 0.06-இலிருந்து 0.11-க்கு மாறுகிறது. எனவே தொடர்ச்சி உண்டு, வகைக்கெழு (அந்தப் புள்ளியில் வரைபடத்துக்கு உள்ள ஒரே சாய்வு) இல்லை. மாறாக, 1 வரை எக்ஸ் வர்க்கம், அதற்கு மேல் 2எக்ஸ் + 3 என்று கொடுத்தால், 1-இல் இருபுறச் சாய்வும் 2 என்று பார்த்து ‘வகைக்கெழு உண்டு’ என்பார்கள். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. தொடர்ச்சியே இல்லாத இடத்தில் வகைக்கெழு எப்படி வரும்? சாய்வைத் தொடுமுன் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
படிவம் ஆறு கணித ஆசிரியர்கள்,
பினாங்கு