படிப்பறைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்.

பல இனத்தவர் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும், அடுத்த வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நம் குடியிருப்பில், பிள்ளைகளுக்கான மாலைநேரப் படிப்பறை தொடங்கி ஓராண்டு நிறைவடைகிறது. அதன் செயலாளர் என்ற முறையில் சிலருக்கு வெளிப்படையாக நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதல் நன்றி, நான் முன்வைத்த நல்லிணக்க விழா யோசனையைத் தயவுதாட்சண்யமின்றி மறுத்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு உரியது. வெறுமனே சந்தித்துக்கொள்வது போதாது என்றும், சமநிலையில், பொதுவான ஒரு நோக்கத்துக்காக, நிர்வாகத்தின் ஆதரவோடு சேர்ந்து உழைக்கும்போதே முன்முடிவுகள் தளரும் என்றும் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதியதை எடுத்துக்காட்டியவர் அவர். டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பகைமை முற்றியிருந்த 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்த கற்பித்தல் முறையை இங்கே கொண்டுவந்தவரும் அவரே. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால், பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார மறுத்த சிறுமி ஒருத்தி, எதிரிலிருந்த சிறுவனின் சட்டைக் கையை இழுத்து, "அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படி" என்று கேட்டதை நான் மறக்க மாட்டேன்.

இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் ஒருவருக்கு நான் பட்ட கடன் பெரிது. முதல் மூன்று மாதங்கள் ஓர் இனத்தவரே பாடம் நடத்த, மற்றவர்கள் நாற்காலி அடுக்கியதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அவர்தான் பட்டியலை என் முன் வைத்துப் பெயர் பெயராகச் சுட்டிக்காட்டினார். அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுவாரம் முதல் பாடம் நடத்துவதும் பெருக்குவதும் எல்லாருக்கும் முறைவைத்து வருகின்றன.

நான்காம் மாடி அம்மையாரை இரண்டு முறை அவருடைய இனத்தைச் சேர்ந்த வேறொருவரின் பெயர் சொல்லி அழைத்தேன். பழக்கமில்லாத இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிய மனிதர்கள் பொதுவாகவே தடுமாறுவர் என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்திதான். எனினும், தவறாக அழைக்கப்பட்டவருக்கு அது சமாதானம் ஆகாது. அவர் கடிந்துகொள்ளாமல் தம் பெயரை அசை பிரித்துச் சொல்லித் தந்து, நான் சரியாக உச்சரிக்கும்வரை காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு என் மனமார்ந்த நன்றி.

அறையை ஒதுக்கித் தந்த நிர்வாகத்துக்கும் நன்றி. அடுத்த மாதம் முதல் அறைச் சாவி அந்த அம்மையாரிடம் இருக்கும். முறைப்பட்டியலில் பெயர் சேர்க்க விரும்புவோர் அவரை அணுகலாம்.

இப்படிக்கு,
படிப்பறைக் குழுச் செயலாளர்