பழைய படகு இல்லாத கண்காட்சி

உவரி,
அக்டோபர் மாதம்.

அன்புள்ள அருளப்பனுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் உன் பக்கத்துச் சவுத்தாம்ப்டன் படகுக் கண்காட்சிக்குப் போய்வந்து நீ எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. மதினியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நம் படகுப் பட்டறையை இப்போது மூத்தவன்தான் முழுதாகப் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஃபைபர் படகுக்கு ஊற்றும் பிசினான ரெசின் கலப்பதை மட்டும் கவனித்துவிட்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுகிறேன். அதனால் உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுத முடிகிறது.

கண்காட்சி நடந்த மேஃப்ளவர் பூங்காவில் உன்னோடு வரிசையில் நின்றவர்கள் பேசியதை நீ எழுதியிருந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தும் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த தொகைக்கு நல்ல நங்கூரக் கயிறே வாங்கிவிடலாம் என்று ஒருவர். இளமையிலிருந்து ஆண்டு தவறாமல் வருகிறேன், வர வரக் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன என்று இன்னொருவர். முன்கூட்டியே பெயர் பதியவில்லை என்பதால் பெரிய உல்லாசப் படகில் ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மனம் நொந்த ஒரு தம்பதி. இவர்களுக்கு நடுவில், ஒரே பகலில் பல படகுகளில் ஏறி இறங்கி எது எனக்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன், கொடுத்த பணத்துக்கு அதுவே போதும் என்று சொன்ன ஓர் இளம்பெண். இத்தகைய கண்காட்சிகள் இனியும் தேவையா என்று கேட்டிருக்கிறாய். தேவை என்பதே என் எண்ணம். ஆனால் அவை நடத்தப்படும் விதத்தில் முக்கியமான ஒன்று தொடக்கத்திலிருந்தே விடுபட்டிருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

பழைய ஆட்களின் குறையில் நியாயம் இருக்கிறது. கயிறு, வார்னிஷ், பம்பு, விளக்கு போன்ற சாமான்களைக் கண்காட்சி விலையில் வாங்குவதற்காகவே ஒரு காலத்தில் கூட்டம் வந்தது என்று எழுதியிருந்தாய். இன்று அதே விலை கைப்பேசியில் கிடைக்கும்போது அந்தக் கூட்டம் வீட்டிலேயே இருந்துவிடும். கடை போடுபவருக்கும் தரைவாடகை, லாரி, கிரேன், ஆட்களுக்குத் தங்குமிடம் என்று செலவு பெரிது. அதைவிட வாங்கக்கூடியவர்களை நேரே தன் பட்டறைக்கே அழைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. 1950களில் தொடங்கிய லண்டன் படகுக் கண்காட்சி 2018 ஜனவரியோடு நின்றுபோனது அல்லவா? படகுகள் குறைந்தால் பார்க்க வருபவர்கள் குறைவார்கள். அவர்கள் குறைந்தால் அடுத்த ஆண்டு இன்னும் சில படகுகள் வராது. இந்தச் சரிவு தொடங்கிவிட்டால் நிறுத்துவது எளிதில்லை. ஆனால் அதே ஐரோப்பாவில், கடலே இல்லாத ரைன் ஆற்றங்கரை நகரமான டுசெல்டார்ஃபில், கடுங்குளிர் அடிக்கும் ஜனவரி மாதத்தில் நடக்கும் கண்காட்சிக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஆகவே கைப்பேசி வந்ததால்தான் எல்லாம் போய்விட்டது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. சிறியதும் பெரியதுமாகப் பலவகைப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க விடுகிற இடத்துக்கு மக்கள் இன்னும் போகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதைப் படத்தால் செய்ய முடியாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்லுவேன். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் எந்த அறையும் மண்டபமாகத் தெரியும். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்குமா என்பதை நின்றுதான் அறிய வேண்டும். இன்ஜின் மூடியைத் திறந்து, எரிபொருள் வடிகட்டிக்கும் கடல்நீர் பம்புக்கும் கை போகிறதா என்று முழங்கை வரை விட்டுப் பார்க்க வேண்டும். கரையில் நிற்கும்போதே கை போகாத இடத்தில், படகு அலையில் ஆடும்போது யார் வடிகட்டியை மாற்றப்போகிறார்கள்? மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை; படகுக்கு அதைவிடப் பெரிய தொகை போகிறது, ஏறும் மனிதரின் உயிரும் அதை நம்பியிருக்கிறது. எது வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன் என்ற அந்தப் பெண்ணின் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன்.

கொச்சியில் போல்காட்டித் தீவில் நடக்கும் படகுக் கண்காட்சிக்கு நம் ஊரிலிருந்தும் கூடுதாழையிலிருந்தும் சில இளைஞர்களை அழைத்துக்கொண்டு பாலருவி ரயிலில் போய்வந்ததை உனக்கு விரிவாக எழுதவில்லை. அங்கும் நீ கேட்டது போலவே பலவிதப் பேச்சு. எங்களோடு வந்தவர்களில் ஒருவன் முற்பகலிலேயே சலித்துப்போனான். அங்கு நின்ற படகுகள் எல்லாம் படகுத்துறையில் கட்டிவைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நம் கரையிலோ அலையைத் தடுக்கக் கல்லால் தூண்டில் வளைவு போட்ட ஊர்களைத் தவிர மற்ற இடங்களில் அலையைக் கிழித்துக்கொண்டு இறக்க வேண்டும், திரும்பி வந்தால் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். இப்படி நாள்தோறும் மணலில் உரசினால் படகின் அடிமரமான ஏரா எத்தனை ஆண்டு தாங்கும் என்று அவன் கேட்டதற்கு அழகான அட்டைகளைக் கொடுத்தார்களே தவிர, யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இது நமக்கான இடம் இல்லை என்று அவன் சொன்னதில் எனக்கும் வருத்தம் உண்டு. இந்த நாட்டில் அன்றாடம் கடலுக்குப் போகிற படகுகளில் பெரும்பகுதி மீனவருடையது. அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரையாவது கடையில் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அவனோடு வந்த இன்னொருவனுக்கு அந்தப் பயணம் பெரிய பயனைத் தந்தது. டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்கள் இரண்டும் அருகருகே இருந்தன. கடையில் இருந்தவரிடம் அனுமதி கேட்டு இரண்டையும் தூக்கிப் பார்த்தான். ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், புகையும் சத்தமும் குறைவு என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். தொழில் முடிந்து தோளில் சுமந்து மணலில் நடக்கும்போது அந்தக் கூடுதல் எடை என்ன செய்யும் என்பதைத் தூக்கிய கணத்தில்தான் உணர்ந்தான். நானோ ரெசின் விற்கும் கடையில் இருந்த ஒரு வயதான தொழில்நுட்பப் பணியாளரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஈரப்பதம் மிகுந்த நாளில் கண்ணாடியிழை விரிப்பான மேட் எப்படி நீரை வாங்கிக்கொள்கிறது, கோடையில் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை எந்த அளவுக்குக் குறைக்கலாம், அளவுக்கு மீறிக் குறைத்தால் ஏன் உள்ளே கடைசிவரை இறுகாமலே கிடக்கும் என்பதையெல்லாம் தன் கைப்பழக்கத்திலிருந்து விளக்கினார். செய்கிற மனிதரும் வாங்குகிற மனிதரும் நேருக்கு நேர் நின்று பேச, விற்பனைப் பிரிவு நடுவில் வராத இடம் வேறு எங்கே இருக்கிறது?

சிறிய படகுகள் மறைந்துவிட்டன என்று உன்னிடம் குறைப்பட்டவருக்கு 1963ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சி நினைவில் இருக்கலாம். அந்த ஆண்டுதான் மிரர் என்ற சிறு பாய்ப்படகு அங்கே அறிமுகமானது. நாளிதழ் ஒன்றின் ஆதரவில், ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்த அந்தப் படகை, வெட்டிய பிளைவுட் துண்டுகளாக வாங்கிச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் ஒட்டி, வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம். விலை அறுபத்துச் சொச்சம் பவுண்டு. பின்னர் பல பத்தாயிரம் மிரர் படகுகள் உருவாயின. இதே தைத்து ஒட்டும் முறையைத்தான், பெல்ஜியத்திலிருந்து வந்து நம் தென்கோடியில் தங்கிய பியர் ஜில்லே, முட்டத்துப் பட்டறையில் நம் மீனவருக்கான பிளைவுட் படகுகளில் கையாண்டார். மரம் விலையேறிக்கொண்டிருந்த காலத்தில் அது நம் கடற்கரைக்குப் பெரிய உதவி. கண்காட்சியின் உண்மையான பயன் என்று நான் கருதுவது மிரர் படகு வந்ததைப் போன்ற நிகழ்ச்சியை: சாதாரண வருமானம் உடைய ஒருவர் அங்கே வந்து, இது என்னாலும் ஆகும் என்று தெரிந்துகொண்டு போகிறார். அப்படிப்பட்ட படகுகளுக்கு இடம் குறைந்து, பெயர் பதிந்து ஏறும் மாளிகை போன்ற படகுகளுக்கு இடம் கூடுவதை நான் கேடாகவே பார்க்கிறேன். நடத்துபவர்கள் தரைவாடகையைச் சிறு பட்டறைகளுக்குக் குறைத்தாவது அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும்.

விடுபட்டது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நாம் இருவரும் பார்த்த கண்காட்சிகளில் உழைத்துப் பழகிய பழைய படகு இல்லை. சவுத்தாம்ப்டனில் இல்லை, கொச்சியிலும் இல்லை. ஃபைபர் படகில் குறை முதல் நாளில் தெரியாது. பளபளக்கும் மேற்பூச்சான ஜெல்கோட்டுக்கு அடியில் எத்தனை அடுக்கு மேட் போட்டிருக்கிறார்கள், காற்றுக்குமிழி இல்லாமல் உருளை ஓட்டியிருக்கிறார்களா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. படகின் பின்பகுதியான அமரத்தில் இன்ஜின் மாட்டும் பலகைக்குள் வைத்த பிளைவுட், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் குடித்து ஊறி உளுத்துப்போவது சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் தமிழகக் கரைக்கு வந்து குவிந்த ஃபைபர் படகுகள் உனக்கு நினைவிருக்கும். நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்; ஆனால் அவசரத்தில் புதிதாக முளைத்த பட்டறைகள் சிலவற்றில் மெல்லிய மேட்டில், கணக்கில்லாத ரெசினில் செய்தவையும் அவற்றில் கலந்திருந்தன. வண்ணம் அடித்து வரிசையாக நிறுத்தியபோது எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தன. பிறகு முன்பகுதியான அணியத்தில் விரிசலோடு, அமரப்பலகை ஆடுகிற நிலையில் என் பட்டறைக்கு வந்தவற்றைப் பழுதுபார்த்தபோதுதான் ஒரு படகைப் பற்றி அதன் முதுமைதான் உண்மை பேசும் என்று எனக்கு விளங்கியது.

நம் உவரி மணலில் மாலையில் ஏற்றிக் கிடக்கும் வள்ளங்களுக்கு நடுவே நடந்தால், யார் செய்த படகு எத்தனை ஆண்டுக் கச்சான் என்ற மேற்குக் காற்றைத் தாங்கியது, எது எங்கே ஒட்டுப்போடப்பட்டது என்று கேட்காமலே சொல்லிவிடலாம். ஒரு நாணயத்தை எடுத்துப் பக்கப்பலகையில் தட்டிக்கொண்டே போனால், அடுக்குகள் இறுகியிருக்கிற இடத்தில் கணீர் என்றும், உள்ளே பிரிந்திருக்கிற இடத்தில் மந்தமாகவும் ஒலி மாறும். இந்த அறிவு கண்காட்சி அரங்குக்குள் நுழைய வேண்டும் என்பதே என் ஆசை. ஒவ்வொரு படகுக் கம்பெனியும் தன் புதுப்படகுக்குப் பக்கத்தில் அதே வகையில் பத்து ஆண்டு ஓடிய ஒன்றை, மெருகு போடாமல், அதன் சொந்தக்காரரோடு நிறுத்தட்டும். நம்பிக்கையுள்ள கம்பெனி நிறுத்தும்; தயங்குகிற கம்பெனியைப் பற்றி வாங்குபவர் தாமே ஒரு முடிவுக்கு வரட்டும்.

கொச்சியிலிருந்து திரும்பும் வழியில் வைக்கத்தில் இறங்கி, தவணக்கடவுக்குப் போகும் சூரியசக்திப் படகான ஆதித்யாவில் ஏறினோம். கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியிலிருந்து ஓட்டிவரும் படகு அது. 75 பேர் அமரலாம். மின்சாரப் படகுகளைப் பற்றிக் கண்காட்சிக் கடைகளில் கேட்டறிந்தது எல்லாம் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு. இங்கோ மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்காக மக்களை ஏற்றி இறக்கிய ஒரு படகு எங்கள் காலடியில் இருந்தது. எங்களோடு வந்த இளைஞர்கள் பேட்டரி, மேகமூட்ட நாள், பராமரிப்பு என்று அதன் பணியாளர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். காலையில் சலித்துப்போயிருந்தவன்தான் அதிகம் கேட்டான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு இங்கே ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறோம். புதுப்படகு வாங்க நினைக்கிற இளைஞர்களுக்காக, கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஊரின் பழைய வள்ளங்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் வயதையும் செய்த பட்டறையையும் பட்ட பழுதுகளையும் சொந்தக்காரரே சொல்லுவதாகத் திட்டம். கூத்தங்குழியிலிருந்தும் இடிந்தகரையிலிருந்தும் வருவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பட்டறைக்காரர்களில் ஓரிருவருக்குத் தயக்கம் இருக்கிறது. என் மகன் செய்த படகுகளையும் முதல் வரிசையில் நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்ததும் அந்தத் தயக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

இதில் உன் உதவி வேண்டும். பழைய படகை விலைக்கு வாங்கும் முன் அங்கே சோதனையாளரை அமர்த்தி, சிறு சுத்தியலால் தட்டியும் ஈரமானி வைத்தும் உடலைச் சோதிப்பார்கள் அல்லவா? அவர்கள் எந்த வரிசையில் எந்தெந்த இடங்களைப் பார்க்கிறார்கள், ஈரமானி காட்டும் அளவை எப்படிப் பொருள்கொள்கிறார்கள் என்று உன் நண்பர்களிடம் விசாரித்து விரிவாக எழுது. கிறிஸ்துமஸுக்கு நீயும் மதினியும் வரும்போது ஃபைபருக்கு ஏற்ற ஈரமானி ஒன்றையும் வாங்கி வா. பணத்தை வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுக்கக் கூடாது.

உன் அன்புள்ள,
ராயப்பன்