செயலாளர் அறிக்கை 2025–26: ஒற்றைப்பூ ஜாடிகளோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை இந்தக் கரையோரம் முழுக்க இருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஒரு பூ, மிஞ்சினால் இரண்டு பூ நிற்கிற மாதிரி வாய் குறுகிய சின்னப் பீங்கான் ஜாடிகளைத்தான் நம் சங்கத்தில் சேர்க்கிறோம். கடைகளில் ‘பட் வேஸ்’ என்பார்கள். ஒரு சாண் உயரத்தைத் தாண்டினால் நம் கணக்கில் வராது. ஊறுகாய் ஜாடியும் எனாமல் தூக்குவாளியும் அழகுதான், மறுக்கவில்லை. அவற்றுக்கு யாராவது தனியாகச் சங்கம் ஆரம்பித்தால் முதல் சந்தா நான் கட்டுகிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. ரமலான் மாதத்தில் மட்டும் நோன்பு திறந்த பிறகு இரவில் வைத்துக்கொண்டோம். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்து மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியதும், ராமேஸ்வரம் உறுப்பினர்கள் பஸ் நெரிசலில் ஜாடியை மடியில் இறுக்கிக்கொண்டு வரும் பாடு குறைந்தது. வருகைப் பதிவேட்டில் அது நன்றாகவே தெரிகிறது.

இந்த ஆண்டு உருப்படியாக நாம் செய்தது, ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும் “பாட்டி காலத்துச் சாமான்” என்று சொல்லிக் கைமாற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கீழக்கரையில் நடந்த அடிமுத்திரைப் பயிற்சிக்குப் பிறகு அது மாறியது.

அன்றைக்கு ஒரு ராத்தா பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜாடி கொண்டுவந்தார். நடுவிரல் உயரம். வெள்ளை உடம்பு, வயிற்றில் கையால் தீட்டிய ரோஜாக்கொத்து, கழுத்தில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோன தங்கக்கோடு. கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய வாப்பா சபரிலிருந்து, அதாவது கடல்கடந்த பிழைப்புப் பயணத்திலிருந்து, திரும்பியபோது கொண்டுவந்ததாம். ‘இங்கிலீஷ்காரன் சாமான்’ என்றே வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். கவிழ்த்தால், அடியில் சிவப்பு மையில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்று பொடி எழுத்து. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் அமெரிக்கப் படைகளின் ஆளுகையில் இருந்தபோது ஏற்றுமதிச் சரக்கில் குத்திய முத்திரை அது. 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட சாமான் என்று தைரியமாகச் சொல்லலாம். ராத்தாவுக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் விரல்விட்டு எண்ணினார். “வாப்பாவுக்கு நிக்காஹ் ஆனது ஐம்பத்தொன்னுல. அப்ப இது உம்மாவுக்குன்னு வாங்கினதுதான்” என்றார். அதற்குப் பிறகு அந்த ஜாடியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

மற்ற முத்திரைகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அங்கே ஒரு சுங்கச் சட்டம் வந்தது. நமக்குத் தேதி சொல்லும் முத்திரைகளில் பாதி அந்தச் சட்டத்தால் வந்தவை. ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது. அதன்பின் ‘ஜப்பான்’ என்றே போட வேண்டியிருந்தது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில். மூன்று நீல அலைக்கோடுகள் இருந்தால் டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகன், 1775இல் தொடங்கிய ஆலை. அந்த மூன்று கோடும் டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிப்பவை. பாக் நீரிணைக் கரையில் இருக்கிற நம்மவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அந்த முத்திரையுள்ள ஜாடி நம்மில் யாரிடமும் இல்லை.

முத்திரை இல்லாததெல்லாம் மட்டம் என்று தள்ளிவிட வேண்டாம். பல ஆலைகள் காகித லேபிள்தான் ஒட்டின. முதல் கழுவலிலேயே அது போயிருக்கும். முத்திரை இருப்பதாலேயே அசல் என்றும் நம்ப வேண்டாம். உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல போர்சலின் மணிபோலக் கணீரென்னும். விரிசல் இருந்தால் டொக்கென்று அடைத்துக்கொள்ளும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். சங்கத்துக்கென்று அப்படியொரு டார்ச் வாங்கியிருக்கிறோம்.

அடுத்து, பெரியபட்டினம் விவகாரம். ஐப்பசிக் கூட்டத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. குறிப்பேட்டில் இருப்பதால் இங்கேயும் சொல்லியாக வேண்டும். பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சைப் பூச்சுள்ள செலடான் ஓடுகளும் அவற்றில் உண்டு. 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா இந்தக் கரையின் சீன ஓடுகளைத் தேடி வந்து ஆராய்ந்திருக்கிறார். ரோமானிய மதுச்சாடி ஓடுகள் கிடைத்த அழகன்குளமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, கப்பலில் வந்த மண்பாண்டத்துக்கு இந்தக் கரை ஆசைப்படுவது நேற்றைய பழக்கமில்லை. மழைக்குப் பிறகு மண் அரித்து மேலே வரும் ஓடுகளை நாமே பொறுக்கிச் சேர்த்தால் என்ன என்று இளைய உறுப்பினர் சிலர் கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஓட்டிடமிருந்து காலத்தைக் கறக்கிறார்கள். நாம் எடுத்து ஷோகேஸில் வைத்தால் அந்தச் செய்தி அத்தோடு போச்சு. எனவே மண்ணிலிருந்து எடுத்த எதையும் சங்கக் கண்காட்சியில் வைப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களும் தொடர்ந்து கூட்டத்துக்கு வருகிறார்கள் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

காரைக்குடிப் பயணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம்மவர்களே ஒருவருக்கொருவர் போட்டியாகக் கேட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். கடைக்காரர் சந்தோஷமாக எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த முறை ஒரு கடைக்கு ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பழசு மட்டும்தான் சேர்க்க வேண்டுமா, புதுசும் சேர்க்கலாமா என்ற பழைய வழக்கும் இந்த ஆண்டு ஓரளவு தீர்ந்தது. புதுசும் சேர்க்கலாம். என் கட்சி எப்போதும் அதுதான். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து எத்தனையோ பேர் தொழில் கற்று வந்திருக்கிறார்கள். கையால் வனைந்த ஸ்டோன்வேர் ஜாடியை, அதாவது அதிகச் சூட்டில் கெட்டியாகச் சுட்ட மண்ஜாடியை, வனைந்தவரிடமே போய் வாங்கினால் எந்த மண், எந்தச் சூடு, என்ன பூச்சு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய ஜாடியிடம் அப்படிக் கேட்க முடியாது. உப்புப் பூச்சு ஜாடி ஒன்றை உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். சூளையில் 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு ஏறியதும் உள்ளே உப்பைப் போடுவார்கள். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியான கண்ணாடிப் பூச்சாக ஜாடி மேல் படியும். ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் நூற்றாண்டுகளாக நடக்கிற தொழில் இது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அந்த ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்ம உப்பு பாத்திரத்தை அரிச்சுத்தானே பார்த்திருக்கேன்” என்றார்.

அவர் சொன்னது நமக்குப் பெரிய தலைவலிதான். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர். ஜாடியில் ஊற்றி இரண்டு நாள் வைத்தால் உள்ளே வெள்ளை வளையம் கட்டிவிடும். பூச்சில் மயிரிழை வெடிப்புள்ள பழைய ஜாடியாக இருந்தால் இன்னும் மோசம். உப்புநீர் வெடிப்பு வழியாக உள்ளே ஊறும். காயும்போது உப்பு மணியாகி, பூச்சைச் சில்லு சில்லாகத் தள்ளிவிடும். பூவுக்கு மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுங்கள். ஏற்கெனவே உப்பேறிய ஜாடியை அதே தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். வெள்ளை வளையத்துக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும், ஆனால் தங்கக்கோட்டிலும் மேல்தீட்டிய பூவிலும் அது படக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். ஆடிக் காற்றில் ஜாடி சாயாமலிருக்க உள்ளே கொஞ்சம் மணல் போடலாம். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போட்டால் அதுவும் உப்புதான், நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் போடுங்கள்.

மானாமதுரையில் சொல்லிவைத்துச் செய்த சுட்டமண் ஜாடிகளில் பூச்சு இல்லாததால் தண்ணீர் கசிந்து மேஜை நனைந்தது. காலி இஞ்செக்‌ஷன் குப்பியைக் கழுவி உள்ளே இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றலாம் என்று யோசனை சொன்னவர் மண்டபம் ஊர் அக்கா. சங்கத்தின் இந்த ஆண்டுக் கண்டுபிடிப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

பூ விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறோம். முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்தும் சாமிக்குச் சாத்தியும் பழகிய நமக்கு, ஒரே ஒரு பூவைத் தண்ணீரில் நிறுத்துவது கஞ்சத்தனமாகத் தோன்றுகிறது. ஜப்பானில் ஒற்றைப்பூ ஜாடிக்கு ‘இச்சிரின் சாஷி’ என்று தனிப்பெயரே உண்டு. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் தோட்டத்து அசகாவோ என்னும் காலையில் மலரும் கொடிப்பூக்களைப் பார்க்க ஆட்சியாளர் ஹிதெயோஷி வந்தபோது, ரிக்யூ தோட்டத்துப் பூ முழுவதையும் அறுத்துவிட்டு, அறைக்குள் ஒன்றை மட்டும் வைத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அசகாவோவுக்கு நம் கடற்கரை அடும்பு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். மார்கழிக் கூட்டத்தில் விடிகாலையில் பறித்த அடும்பு வைத்துப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் சுருண்டுவிட்டது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலைக்குள் சிவந்து, ஒரு நாள் முழுக்க வேடிக்கை காட்டியது. அரளி வைப்பவர்கள் பால் விஷம் என்பதை மறக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு வருத்தம். வெளியூரிலிருந்து வாங்கிய மூன்று ஜாடிகளைக் கூரியர்காரர்கள் தூள் தூளாகக் கொடுத்தார்கள். ‘உடையும் பொருள்’ என்று எழுதினால் ஏதோ வீசிப் பார்க்கச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. இனி முடிந்தவரை நேரில் போய்த்தான் வாங்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டுச் சந்தா 300 ரூபாயாகவே தொடரும். தை மாதம் இராமநாதபுரத்தில் கண்காட்சி வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதில் வைக்கிற ஒவ்வொரு ஜாடியிலும் அன்று பறித்த பூ இருக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் ஜாடியை வைத்துப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதைப் பொதுக்குழு இன்று விவாதித்து முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியாக, சங்கத்தின் புற ஊதா டார்ச் சித்திரை முதல் யாரிடமோ இருக்கிறது. வைத்திருப்பவர் பொருளாளரிடம் கொடுத்துவிடவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்