ஓசூர் எல்லையில் எடுக்கும் சளி மாதிரி: இரு மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்கள், மாவட்ட சுகாதார அலுவலர்கள், வட்டார மருத்துவ அலுவலர்கள்.

மதிப்புக்குரியீர், வணக்கம்.

கொரோனா வைரஸின் திரிபுகளில் (மரபணு மாறிய வடிவங்களில்) ஒன்றான ஒமிக்ரானின் முதல் இரண்டு தொற்றுகள் இந்தியாவில் 2021 டிசம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்டன. இரண்டும் பெங்களூரில் கண்டறியப்பட்டவை. அங்கிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர். எல்லையிலுள்ள ஜூஜூவாடி வழியாகப் பெங்களூர்ப் பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் காலையில் வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விமானத்தில் சென்னைக்கு வந்து சேரும் திரிபை விமான நிலையத்தில் தேடினோம். சாலையில் வருவதைத் தேட வேண்டிய இடம் ஓசூர். 2020 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை (தொற்று இல்லாத) மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். சில நாட்களிலேயே அந்த நிலை மாறிவிட்டது.

தொற்று குறைந்திருக்கும் காலத்திலும் இரு மாவட்டங்களிலிருந்தும் வாரந்தோறும் ஒரு சிறு தொகுதி மாதிரிகள், நோயாளியின் முழு விவரத்தோடு மரபணு வரிசையாக்கத்துக்கு (வைரஸின் மரபணு எழுத்துகளை முழுதும் படித்தறியும் சோதனைக்கு) போக வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. புதிய திரிபின் பெயர் செய்தியில் வந்ததை மட்டும் வைத்துப் படுக்கை, பள்ளி, சந்தை பற்றிய எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பதும் அதோடு சேர்ந்ததே. நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் பொது சுகாதாரத்திலும் பணிபுரிபவர்கள் என்ற முறையில் இதற்கான காரணங்களை எழுதுகிறோம்.

ஒரு திரிபைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மரபணுவில் எங்கே மாறியிருக்கிறது? எவ்வளவு வேகமாகப் பரவுகிறது? எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது? ஒன்றின் விடையை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. நாளிதழ்களிலும் சில நேரம் அரசுச் சுற்றறிக்கைகளிலும் மூன்றும் கலந்துபோய், "அதிகப் பிறழ்வுகள் கொண்ட ஆபத்தான வைரஸ்" என்று ஒரே சொற்றொடராகிவிடுகின்றன.

முதலில் மரபணு. இந்த வைரஸின் ஆர்என்ஏ ஏறத்தாழ 29,900 எழுத்துகள் கொண்டது. தன்னைப் படியெடுக்கும்போது, ஏடு பெயர்த்தெழுதுகிறவர் எழுத்தை மாற்றிவிடுவதைப் போல, சில எழுத்துகள் மாறுகின்றன; இதைத்தான் பிறழ்வு என்கிறோம். பிழை திருத்தும் நொதி ஒன்று இதனிடம் இருப்பதால் இன்ஃப்ளுயன்சாவை விட மெதுவாகவே மாறும். ஒரு பரவல் தொடரில் மாதத்துக்குச் சுமார் இரண்டு மாற்றங்கள் நிலைக்கின்றன. பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியவை முக்கியமாக வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டி நிற்கும், 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட ஸ்பைக் புரதத்தில் நிகழ்பவை. நம் உயிரணுவில் வைரஸ் நுழையும் வாசலான ஏசிஇ2 ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் பகுதி இந்தப் புரதத்தில்தான் இருக்கிறது. நம் எதிர்ப்பணுக்களும் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் குறிவைக்கின்றன.

எத்தனை பிறழ்வு என்பதை விட எந்த இடத்தில் என்பதே முக்கியம். 2021 இரண்டாம் அலையின் டெல்டா திரிபின் ஸ்பைக்கில் பத்து மாற்றங்களுக்குள்தான். ஆனால் அதில் 681 ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் வந்தது. ஃப்யூரின் நொதி ஸ்பைக்கை வெட்டும் இடத்தை ஒட்டியது அது. வெட்டு எளிதாகி, வைரஸ் உயிரணுவோடு விரைவாகப் பிணைந்தது. ஒமிக்ரானின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தும், அது டெல்டாவைப் போல நுரையீரலின் ஆழத்தில் பெருகவில்லை. மேல் மூச்சுக்குழாயில்தான் வேகமாகப் பெருகியது. 2023 இறுதியில் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஜேஎன்.1 என்ற ஒமிக்ரான் வழித் திரிபு, தன் தாய்க் கிளையான பிஏ.2.86 இலிருந்து ஸ்பைக்கில் ஒரே ஒரு மாற்றத்தால் வேறுபட்டது: 455 ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் செரின். அந்த ஒன்றே எதிர்ப்பணுக்களிடமிருந்து தப்பும் திறனைக் கூட்டி, சில மாதங்களில் உலகெங்கும் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. படியெடுப்புப் பிழை இல்லாமல் இன்னொரு வழியிலும் புதியது பிறக்கும்: ஒரே ஆளை இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் தொற்றினால் அவை துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எக்ஸ்பிபி என்ற திரிபு அப்படி, ஒமிக்ரானின் கிளையான பிஏ.2 வழி வந்த இரண்டு கிளைகள் கலந்து உருவானது.

பரவல் வேகத்துக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, வைரஸே எளிதில் தொற்றுவது. டெல்டாவுக்கு முன் பரவிய ஆல்பா திரிபும் டெல்டாவும் முந்தியது இதனால். மற்றொன்று, முன்பு தொற்றியவரையும் தடுப்பூசி போட்டவரையும் மீண்டும் தொற்றுவது. ஒமிக்ரானும் அதன் வழி வந்தவையும் பெருமளவு இந்த வழியில் வென்றவை. ஒரு திரிபு டெல்டாவைத் தோற்கடித்துவிட்டது என்பதால் மட்டும் எதிர்ப்பாற்றலே இல்லாத ஒருவரிடமும் அது அதே விகிதத்தில் வேகமாகத் தொற்றும் என்று கொள்ள முடியாது. களப்பணிக்கு வேண்டிய எண் வேறொன்று: தொற்றிலிருந்து அறிகுறி வரை ஆகும் காலம் ஆல்பாவில் சராசரி 5 நாள், டெல்டாவில் சுமார் நாலரை, ஒமிக்ரானில் மூன்றரைக்குள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பட்டியல் தயாராவதற்குள் அவர்களிடமிருந்து அடுத்த சுற்று தொடங்கியிருக்கும். ஆகவே இன்றைய திரிபுகளுக்கு வீடு வீடாகத் தொடர்பு தேடுவதில் ஆட்களைச் செலவிடுவது வீண். முதியோர் இல்லம், டயாலிசிஸ் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு, மகப்பேறு வார்டு ஆகிய இடங்களில் முகக்கவசத்துக்கும் உடனடிப் பரிசோதனைக்கும் அந்த ஆட்களைத் திருப்பிவிடுங்கள்.

கடுமை பற்றித்தான் குழப்பம் அதிகம். இங்கிலாந்தில் செய்த ஆய்வில், ஆல்பா தொற்றியவர்களை விட டெல்டா தொற்றியவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கேயே பின்னர் செய்த ஆய்வில், டெல்டாவோடு ஒப்பிட்டால் ஒமிக்ரானில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு. இதைக் கேட்டு "ஒமிக்ரான் லேசானது" என்று உலகமே சொன்னது. 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் பிஏ.2 பரவியபோது 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஊசி போடாத முதியவர்கள். ஓர் ஊரில் ஒரு திரிபு காட்டும் கடுமை, வைரஸின் இயல்பும் அந்த ஊரின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்தது. வேறு நாட்டின் கடுமை எண்ணை அப்படியே எடுத்து அஞ்செட்டிக்கோ சித்தேரிக்கோ பொருத்த முடியாது.

படுக்கைக் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 10,000 பேருக்குத் தொற்றி, நூற்றுக்கு இருவருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டால் 200 படுக்கை. கடுமை பாதியாகி, தொற்று நான்கு மடங்கானால் 40,000 பேரில் நூற்றுக்கு ஒருவர்: 400 படுக்கை. வைரஸ் லேசானது, வார்டு நிரம்பியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அதனால் ஆக்சிஜன், படுக்கை பற்றிய முடிவுக்கு அடிப்படையாக ஒவ்வொரு நாளும் புதிதாக ஆக்சிஜன் தேவைப்பட்டுச் சேர்பவர்களின் எண்ணிக்கையையும் அவர்களின் வயதையும் வையுங்கள். யாரை முதலில் காக்க வேண்டும் என்ற பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்குபவர்களின் பதிவேடே கொரோனாவில் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவர்களின் பதிவேடும். மாத்திரை கொடுக்கப் போகும் பணியாளர் கையில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருந்தால் போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

மாதிரி எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

பருத்தி சுற்றிய மரக்குச்சியைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள வேதிப்பொருள்கள், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைத் தடுக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் முனை, பிளாஸ்டிக் தண்டு வேண்டும். மூக்கின் தரைக்கு இணையாக, மேல்நோக்கிச் சாய்க்காமல், நாசித்துளைக்கும் காதுக்கும் உள்ள தூரத்தில் பாதியளவு உள்ளே போக வேண்டும். சில விநாடி அப்படியே வைத்து, சுழற்றி எடுத்து, 2 முதல் 3 மில்லி விடிஎம் (வைரஸ் கெடாமல் காக்கும் கரைசல்) உள்ள குழாயில் முனையை முறித்துப் போட்டு மூட வேண்டும். விரைவு ஆன்டிஜன் சோதனைக்கான கரைசலில் நனைத்த குச்சியை மீண்டும் பிசிஆருக்கு அனுப்பாதீர்கள். தனியாக இன்னொரு குச்சி எடுங்கள். அந்த விரைவுச் சோதனைகளில் பெரும்பாலானவை வைரஸின் உள்ளே ஆர்என்ஏவைப் பொதியும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தைத் தேடுபவை என்பதால், ஸ்பைக் மாறிவிட்டது என்பதற்காக அவை செயலிழந்துவிடுவதில்லை. ஆன்டிஜன் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் பிசிஆர் எடுங்கள்.

குழாயை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அதைத் தாண்டினால் மைனஸ் 70 டிகிரி தேவை. இடையில் சாதாரண ஃப்ரீசரில் உறைய வைத்து, உருக்கி, மீண்டும் உறைய வைத்தால் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும். பிசிஆரில் தொற்று தெரியும், வரிசையாக்கத்தில் ஒன்றும் தெரியாது. இடம் இல்லை என்று தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் பெட்டியில் சளி மாதிரியை வைக்கவே கூடாது. தளி, அஞ்செட்டி, சித்தேரி பக்கத்து நிலையங்களில் திங்கள் முதல் புதன் வரை எடுத்தால் வார இறுதியில் பெட்டி எங்கும் தேங்காது. பிசிஆருக்கு 200 மைக்ரோலிட்டர் அளவே செலவாகும். மிச்சத்தை உறைய வைக்கும் முன்பே இரண்டு சிறு குழாய்களில் பிரித்துவிட்டால் எந்தக் குழாயையும் ஒரு முறைக்கு மேல் உருக்க வேண்டி வராது.

வரிசையாக்கத்துக்கு சிடி மதிப்பு (வைரஸ் தெரியவரும்வரை பிசிஆர் ஓட வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கை) 25 அல்லது அதற்குக் கீழே உள்ளவற்றை முதலில் தேர்ந்தெடுங்கள். சிடி 10 கூடினால் வைரஸ் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வரிசையாக்கத்தில் மரபணுவைச் சுமார் 400 எழுத்து நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஏறத்தாழ நூறு துண்டுகளாகப் பெருக்குவது பரவலான முறை. சிடி 33 இல் பல துண்டுகள் கிடைக்காமல் ஓட்டை விழுந்து, கணினி நிரல் கிளையைத் தவறாகச் சொல்லும் அல்லது சொல்லாமலே விடும். துண்டைத் தொடங்கும் ப்ரைமர் என்ற குறும் மரபணு இழை ஒட்ட வேண்டிய இடத்திலேயே பிறழ்வு இருந்தாலும் அந்தத் துண்டு விடுபடும். புதிய கிளைகளுக்கு ஏற்ப ப்ரைமர் தொகுதியைப் புதுப்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான். படிவத்தில் பிசிஆர் கிட்டின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஸ்பைக் மரபணுவைத் தேடும் சில கிட்கள், ஒமிக்ரானின் இன்னொரு கிளையான பிஏ.1 வந்தபோது ஸ்பைக்குக்குரிய முடிவை மட்டும் காட்டாமல் விட்டன; 69, 70 ஆம் இடங்கள் அதில் விடுபட்டிருந்தன. பிஏ.2 இல் அவை விடுபடவில்லை, ஆகவே அதே கிட்டில் இந்த அடையாளத்தைக் காட்டாமல் அது தப்பியது. ஸ்பைக்கையே தேடாத கிட்டில் இந்தக் குறிப்பு எப்போதும் கிடைக்காது.

எத்தனை மாதிரி? ஒரு திரிபு மொத்தத் தொற்றில் 5 சதவீதம் இருக்கும்போதே, அதில் ஒன்றாவது நம் கையில் சிக்கியிருக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 59 மாதிரிகள் தேவை. 10 சதவீதம் இருக்கையில் 29 போதும். 1 சதவீதத்திலேயே பிடிக்க 299. இரு மாவட்டமும் சேர்ந்து வாரம் 15 அனுப்பினால் நான்கு வாரத்தில் 60 சேர்ந்துவிடும். தொற்று அந்த அளவு இல்லாத வாரங்களில், சிடி தகுதியுள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள். பங்கீட்டில் ஓசூருக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து கடும் நோயாளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து லேசான காய்ச்சல்காரர்கள் என இரண்டும் கலந்திருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மட்டும் அனுப்பினால் எந்தத் திரிபும் கொடியதாகத் தெரியும். ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து மட்டும் அனுப்பினால் எதுவும் லேசானதாகத் தெரியும்.

ஒவ்வொரு மாதிரியோடும் வயது, அறிகுறி தொடங்கிய நாள், கடைசி ஊசி போட்ட மாதம், முந்தைய தொற்று, 14 நாள் பயணம், இணைநோய், ஆக்சிஜன் தேவைப்பட்டதா என்ற ஏழு விவரங்கள் போக வேண்டும். இவை இல்லாத மரபணு வரிசை, கிளையின் பெயரை மட்டும்தான் சொல்லும்; கடுமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சென்னையில் மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் 2021 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. கருவி அங்கே இருக்கிறது. நல்ல மாதிரியும் நல்ல படிவமும் நம் மாவட்டங்களிலிருந்துதான் போக வேண்டும்.

சிகிச்சைக்காக வரிசையாக்க முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை என்பது ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு உரியது, திரிபு எதுவானாலும். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் பலனில்லை; சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. 2021 இல் கரும்பூஞ்சை பெருகியதில் கட்டுப்பாடற்ற சர்க்கரைக்கும் தேவையற்ற ஸ்டீராய்டுக்கும் பெரும் பங்கு இருந்ததை மருந்துக்கடைக்காரர்களுக்கும் நினைவூட்டுங்கள். திரிபைப் பொறுத்துக் கைவிட்டவை ஸ்பைக்கைக் குறிவைத்த மோனோகுளோனல் எதிர்ப்பணு மருந்துகள் (ஆய்வகத்தில் தயாரித்த ஒரே வகை எதிர்ப்பணுக்கள்) மட்டும்தான்.

பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியிடும்போது மூன்று கேள்விக்கும் தனித்தனி வரியில் விடை எழுதுங்கள். 2025 மே மாதம் என்பி.1.8.1 என்ற புதிய திரிபு பற்றிய செய்தி வந்தபோது, தமிழ்நாட்டில் ஏப்ரலில் ஒரு மாதிரியில் அது கண்டறியப்பட்டிருந்தது. அதே மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்காணிப்புக்குரிய திரிபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலின் பொருள் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டுமே. இதுபோன்ற நேரத்தில் "பரவல்: முந்தையதை விடக் கூடுதல். கடுமை: கூடியதற்குச் சான்று இல்லை. மரபணு: ஜேஎன்.1 வழி வந்தது" என்று மூன்று வரி போதும். எந்தத் திரிபையும் ஒரு நாட்டின் பெயராலோ, சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் பெயராலோ குறிப்பிட வேண்டாம். பழிக்கு அஞ்சுகிறவர் பரிசோதனைக்கு வர மாட்டார். அவருடைய மாதிரிதான் நமக்கு முதலில் தேவைப்படும்.

மாதிரிப் படிவத்தின் வரைவும், நிலையம் வாரியாக எடுக்கும் நாள் அட்டவணையும் எங்களிடம் தயாராக உள்ளன. இரு மாவட்ட சுகாதார அலுவலர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் கூட்டினால் ஆய்வக நுட்புநர்களுக்கான அரை நாள் பயிற்சியையும் நாங்களே நடத்தித் தருகிறோம். வாரம் 15 குழாய், ஒரு ஐஸ் பெட்டி, ஓசூரிலிருந்து சென்னைக்கு ஒரு வண்டி: இதற்கான ஆணையைத் தொற்று குறைந்திருக்கும் இப்போதே பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நுண்ணுயிரியல், பொது சுகாதாரத் துறைகளில் பணிபுரிவோர் சிலர்