கல்லிலும் புளித்த மண்ணிலும்

சென் ஜோன்ஸ், நியூபவுண்ட்லாந்து, கனடா

அன்புள்ள சிவம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, எழுதத்தான் முடியவில்லை. கிணறு உவராகிவிட்டது என்று எழுதியிருந்தாய். நாங்கள் துலா மிதித்த கிணறல்லவா அது?

ஓய்வு எடுத்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டாய். ஐரிஸ் வளர்க்கிறேன். சிரிக்காதே. வாள் மாதிரி இலை, நடுவில் ஊதாப் பூ, கீழே இஞ்சி போலக் கிழங்கு. கடையில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது தாடி ஐரிஸ். இதழில் தாடி போல மயிர் இருக்கும். அதற்கு எங்கள் ஊர் மாதிரிச் சுண்ணாம்பு சேர்ந்த, தண்ணீர் நிற்காத மண் வேண்டும். கிழங்கின் முதுகில் வெயில் பட வேண்டும். இங்கே மண் ஒரு சாண்தான், அதற்குக் கீழே பாறை. சோதித்துப் பார்த்தால் பிஎச் 4.8, அதாவது நன்றாகப் புளித்த அமில மண். உன் கேத்தலில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பு இந்த ஊரில் மருந்துக்கும் இல்லை.

மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போட்டேன். நாலு வருஷம்! ஜூன் மாதத்து மூடுபனியில் பாதி அழுகியது. மீதியைக் குளிர் கிளப்பிவிட்டது. இங்கே மாரியில் மண் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும். உறையும்போது மண் பொங்கிக் கிழங்கையும் தூக்கும். உருகும்போது மண் மட்டும் இறங்கிவிடும். வசந்தத்தில் போய்ப் பார்த்தால் கிழங்குகள் வேர் தெரிய மேலே கிடக்கும்.

பக்கத்து வீட்டுக் கிழவி ஒருநாள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். உப்புக்காற்று அடிக்கிற பாறை இடுக்கில், யாரும் நடாமல், முழங்கால் உயரம்கூட வராத காட்டு ஐரிஸ் பூத்து நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது சைபீரிய ஐரிஸ்தான் வைத்திருக்கிறேன். கொஞ்சம் புளித்த மண்ணென்றால் அதற்குக் குறையில்லை, ஈரமும் பிடிக்கும். சதுப்பு ஓரத்தில் புளூ ஃபிளாக் என்கிற உள்ளூர் இனம். 1999 முதல் கியூபெக் மாகாணத்துப் பூவும் அதுதான். ஜப்பான் ஐரிஸுக்குச் சுண்ணாம்பு என்றாலே ஆகாது, அதையும் ஒரு மூலையில் வைத்துப் பார்க்கிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் நட்டுவிட்டால் மண் உறையுமுன் வேர் பிடித்துக்கொள்ளும். நிலம் இறுகிய பிறகு மேலே ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரத்துக் கொப்புகளைப் பரப்பிவிடுவேன். அப்போது குளிர் ஏறி இறங்காது.

உரம் கேட்டால் நீ நம்பமாட்டாய். கேப்லின் என்று நம் சூடை மாதிரி ஒரு சிறு மீன், கோடையில் முட்டையிடக் கரையிலேயே வந்து புரளும். இந்த ஊர்ச் சனம் பரம்பரையாக அதையும் கடற்பாசியையும் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்துவந்தது. நானும் ஒரு வாளி புதைத்தேன். ஒரு கிழமை வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை, அப்படி நாற்றம். மண்வெட்டியால் மூடும்போது உன் அப்பா புகையிலைத் தோட்டத்தில் பூவரசங்குழையை உரமாகத் தாழ்த்ததுதான் ஞாபகம் வந்தது.

அந்த வேலிப் பூவரசுகள் நிற்கின்றனவா, இல்லை நீயும் மதில் கட்டிவிட்டாயா? எழுது.

அன்புடன்,
ராசன்