பறவை பார்ப்போர் சங்கம், திருச்சி: செயலாளர் அறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் போகும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நாள் போய் வந்தோம். சிட்டுக்குருவி தினத்தன்று பள்ளி ஒன்றில் பேசினோம்.

மார்ச் கடைசியில் நடந்த கோடியக்கரைப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சீசன் டிசம்பர், ஜனவரிதானே, இந்த வெயிலில் எதற்கு வேன்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். டிசம்பரில் உப்பளத்தில் நிற்கும் உள்ளான்கள், அதாவது குளிர்காலத்தில் இங்கே வரும் கரைப்பறவைகள், எல்லாம் ஒரே சாம்பல். எது எது என்று பிரிப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடும். மார்ச் கடைசியில்தான் அவை வடக்கே திரும்பும் முன் இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறும். வேதாரண்யம் உப்பளப் பாத்தி ஒன்றில், சைபீரியத் துந்திராவரை போகிற கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானை டெலஸ்கோப்பில் பார்த்தோம். மார்பில் பாதி செங்கல் நிறம், மீதி பழைய வெள்ளை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி. தலை நிமிராமல் வளைந்த மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டே இருந்தது. வழிக்கு வேண்டிய கொழுப்பை இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டுமே! பக்கத்துப் பாத்தியில் கிரே புளோவர் என்ற இன்னொரு கரைப்பறவைக்கு வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் இதையெல்லாம் பார்க்க முடியாது. போன ஆண்டு பொரித்த இளசுகளில் பல இந்தக் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். ஆகவே மே மாதத்தில் உள்ளானைப் பார்த்ததாகக் குழுவில் போடுபவரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

பெயர் கொடுத்தவர்களில் சிலர் முந்தின இரவு பத்து மணிக்கு மேல் "வீட்டில் விசேஷம்" என்று தகவல் அனுப்பினார்கள். ஒருவர் அதுகூட அனுப்பவில்லை. தில்லைநகரில் அவருக்காகக் காத்திருந்ததில், வெயில் ஏறிய பிறகுதான் திருத்துறைப்பூண்டியைத் தாண்டினோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் இதே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனார்கள். நமக்கு ஏசி வேனுக்கே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. காலி இருக்கைகளின் வாடகையைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தோம். அதைத் தவறு என்று சொல்பவர்கள், தங்கள் சந்தா எந்த ஆண்டுவரை கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வரவு, செலவு ஏறக்குறைய சமம். சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் கைப்பணத்திலிருந்து சமாளித்திருக்கிறார். விவரம் அவரிடம் உள்ளது. சங்கத்தின் இரண்டு பைனாகுலர்களில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவருக்கு அது தெரியும்.

வனத்துறையினருக்கும், வேன் ஓட்டுநருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த தலைவருக்கும் நன்றி.

அடுத்த மார்ச்சிலும் கோடியக்கரை போகலாம் என்பது என் விருப்பம். வேறு யாராவது செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொண்டால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். இல்லையென்றால் நானே பார்க்கிறேன். ஆனால் பயணப் பணத்தைப் பிப்ரவரிக்குள் கட்டுபவர்களின் பெயர் மட்டுமே பட்டியலில் ஏறும். பழைய சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். காபியும் அங்கேதான்.