பறியும் பேகடாவும்

அன்புள்ள கஞ்சிரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் உன் கோழிக்கிறுக்கலைப் படிக்க முடிந்தது. கோபித்துக்கொள்ளாதே.

கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவை இன்னும் திட்டுகிறாயா என்று கேட்டிருந்தாய். 2017இல் அவர் பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல் வந்தபோது, எண்ணூர்ச் சேற்றங்கரையில் என்ன கச்சேரி என்று உனக்கு நாலு பக்கம் எழுதினவன் நான்தான். 2024க்கான மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு என்றபோதும் முணுமுணுத்தேன். போன மாதம் பேத்தி அந்தப் பாட்டை மறுபடி போட்டாள். ஒரு கண்ணில் கட்டு, மற்றது மங்கல். படம் பார்க்க வழியில்லை, பாட்டை மட்டும் கேட்டேன்.

கபேர் வாசுகியின் வரிகள் அசல் சென்னைத் தமிழ். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் அதைப் பல ராகங்கள் கோத்த ராகமாலிகையாக்கியிருக்கிறார். பேகடா ராகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நமக்கெல்லாம் வசவாகிப்போன 'புறம்போக்கு' என்ற சொல் கமகத்தோடு, ஸ்வரம் அசைந்து குழைந்து, வரும்போது அதன் பழைய பொருள் நினைவுக்கு வந்தது: ஏரி, மேய்ச்சல் நிலம், யாருக்கும் பட்டா இல்லாத ஊர்ப்பொது. ஊர்க் கணக்கு எழுதின கர்ணத்தின் பிள்ளை நீ, உனக்கு நான் சொல்லணுமா? கூடவே வரும் சிந்துபைரவி ராகம் மட்டும் இப்போதும் ஒட்டவில்லை. அது கொஞ்சம் சுலபமான கண்ணீர்.

கட்டு அவிழ்த்ததும் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி எண்ணூர் போனேன். வீட்டில் சொல்லவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கரையோரம் நிலக்கரிச் சாம்பல் படிந்த சேறு. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்று அகப்படும்போதும் தலை லேசாக அசையும், இறால் பறிக்குள் விழும். என்னையறியாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் அடங்கவில்லை. ஒரு தடவை அஞ்சு, ஒரு தடவை ஒன்பது, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

மயில் கூவுவது ஷட்ஜ ஸ்வரம், குயில் கூவுவது பஞ்சமம் என்று பாட்டு வகுப்பில் நம்மை ஒப்பிக்க வைத்தார்களே, ஒரு நாளாவது வெளியே கூட்டிப்போய்க் கேட்க வைத்தார்களா? நெய்தலுக்குச் செவ்வழி என்று பண் வகுத்தவர்கள் கடற்கரையில் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருப்பார்கள். நான் நாற்பது வருஷமாக ஏசி அரங்கில் சால்வை போர்த்திக்கொண்டு காவிரிப் பாட்டுக்குத் தலையாட்டியிருக்கிறேன்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தேவலை என்றால் மார்கழிக் கச்சேரிகளுக்கு வா. சபா கேன்டீன் அடை என் செலவு. ஒரு நாள் எண்ணூருக்கும் போவோம், உன் பேருக்குக் காரணமான அந்தக் கஞ்சிராவையும் எடுத்து வா. சுருதி இறக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை, அந்த ஈரக்காற்றிலேயே அதன் தோல் தளர்ந்துவிடும்.

உன்,
தம்புரா